கிளிப் போட்டாயிற்று, ரத்தம் சரியாக ஓடுகிறதா? மூளை அனியூரிசம் ஆபரேஷன் பற்றிச் சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மூளை ரத்தக்குழாயில் புடைப்பு இருக்கிறது, மண்டையைத் திறந்து, அது குழாயோடு சேரும் கழுத்தில் சிறு உலோகக் கிளிப் போட்டு மூட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி, ஆள் பிழைப்பாரா என்பதுதான். பிழைத்து, பழையபடி நடந்து பேசி வீட்டுக்கு வருவாரா என்பது அடுத்தது. இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில் ஆபரேஷனின் ஒரு சில நிமிடங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. கிளிப் போட்ட பிறகு, மண்டையை மூடுவதற்கு முன், ரத்த ஓட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் நிமிடங்கள் அவை. அந்தச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, ஏற்காட்டு மலைக் கிராமங்கள் என்று பல பக்கங்களிலிருந்தும் சேலத்துக்கு வந்து தியேட்டர் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் நோயாளியைப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் பேசப் போகுமுன் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

அனியூரிசம்னா என்னங்க? கட்டியா? கேன்சர் மாதிரியா?

கட்டியும் இல்லை, கேன்சரும் இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் ஓரிடத்தில் பலம் குறைந்து, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்பக்கமாகப் புடைத்துச் சிறு பையாகிறது. பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியில், ஒரு குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இது வரும். நூறு பெரியவர்களை எடுத்துக்கொண்டால் சுமார் 3 பேருக்கு இருக்கக்கூடியது. அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க வெடிப்பதே இல்லை.

வெடித்தால்தான் பெரிய ஆபத்து. மூளையைச் சுற்றியுள்ள இடத்தில் ரத்தம் பரவி உயிரையே பறிக்கலாம். கட்டுப்படாத பிரஷர், பீடி, சிகரெட் இரண்டும் இதைத் தூண்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்ற நெருங்கிய வட்டத்தில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இது வந்திருந்தால் மற்றவர்களும் ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

நாங்க மலை மேல இருக்கோம். எந்தத் தலைவலிக்கு உடனே கீழ இறங்கணும்?

நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கு. "என் ஆயுசுல இப்படி ஒரு வலி வந்ததில்ல" என்று நோயாளியே சொல்வார். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுதல், நினைவு தப்புதல், வலிப்பு வரலாம். ஒரு கண்ணின் இமை திடீரென்று தொங்கி, கருமணி விரிந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால் தலைவலி இல்லாவிட்டாலும் அவசரம்தான். புடைப்பு பெருத்து, பக்கத்தில் ஓடும், கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதால் அப்படி ஆகலாம். வெடிப்பதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

நாகலூரோ வெள்ளக்கடையோ, எங்கிருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் நடுவே உட்கார வைத்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கிக் கொண்டுவர வேண்டாம். வழியில் வலிப்பு வந்தாலோ வாந்தி மூச்சுக்குழாயில் போனாலோ பைக்கில் ஒன்றும் செய்ய முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பெரிய பாதை அடைபட்டிருந்தால் குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். "காலையில பார்த்துக்கலாம்" என்று படுக்க வைப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய இழப்பு. வெடித்த அனியூரிசம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேனிலேயே ரத்தக்கசிவு அநேகமாகத் தெரிந்துவிடும்.

கிளிப் வைக்கிறதா, தொடை வழியா காயில் வைக்கிறதா? எது நல்லது?

இது ஆளுக்கு ஆள், புடைப்புக்குப் புடைப்பு மாறும். காயில் முறையில் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச்சுருளை அடைக்கிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. கழுத்து அகலமான புடைப்பு, புடைப்பிலிருந்தே கிளைக்குழாய் புறப்படுவது, கசிந்த ரத்தம் பெரிய கட்டியாக உறைந்து மூளையை அழுத்துவது போன்ற நிலைகளில் கிளிப் பக்கம் போவார்கள்.

கிளிப் முறைக்கு வயது அதிகம். 1937-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு மூடினார். அந்தக் கிளிப் வெள்ளியால் ஆனது. கொலுசுக்குப் பேர்போன நம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களிடம் இதைச் சொன்னால் வியப்பார்கள். இப்போது டைட்டானியமும் கோபால்ட் கலவை உலோகமும் வந்துவிட்டன.

கிளிப் போட்டாச்சுன்னா அதோட முடிஞ்சதுதானுங்களே? அப்புறம் எதுக்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கிளிப் போட்டதும் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். புடைப்புக்குள் ரத்தம் நுழைவது முழுக்க நின்றிருக்க வேண்டும். அது முளைத்த தாய்க்குழாயும் அதன் பெரிய கிளைகளும் நெரிபடாமல் திறந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்து மூளையின் ஆழத்துக்குள் போகும் நூலிழைக் குழாய்கள் கிளிப்பின் அலகுகளுக்குள் சிக்கியிருக்கக் கூடாது.

முதலாவது தவறினால் புடைப்பின் ஒரு துண்டு மிஞ்சிவிடும். பின்னாளில் அது வளரலாம், வெடிக்கலாம். இரண்டாவது தவறினால் அந்தக் குழாயை நம்பியிருக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் பக்கவாதம் வரும். மூன்றாவது மிக நுணுக்கமானது. இந்த நுண்குழாய்களில் பல ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. ஆனால் கை கால் அசைவுக்கான நரம்புப் பாதை, பேச்சு, விழிப்பு நிலை என்று முக்கியமான இடங்களுக்கு அவைதான் ரத்தம் தருகின்றன. முன்புறக் கோராய்டல் தமனி என்று ஒன்று உண்டு. ஆள் பார்வைக்கு மெல்லிசு, அது அடைபட்டால் உடம்பின் ஒரு பாதி செயலிழந்து போகலாம். சுற்றிலும் உள்ளவை சிறியவை என்பதால் ஒன்று சிக்கியிருந்தாலும் கிளிப் போட்ட இடம் வெளிப்பார்வைக்கு அழகாகவே தெரியும்.

மண்டை திறந்திருக்கும்போது தெரிந்துவிட்டால், சர்ஜன் அதே கருவியால் கிளிப்பை விரித்து எடுத்து, கோணத்தை மாற்றி மறுபடி வைத்துவிடுவார். ரத்தமில்லாமல் மூளைத் திசு தாங்குவது நிமிடக் கணக்கில்தான் என்பதால் அந்த வேகம் முக்கியம். மூடித் தைத்து, ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய், மயக்கம் தெளிந்து, "ஏன் வலது கை அசையல?" என்று பார்த்து, ஸ்கேன் எடுத்து, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவருவதற்குள் அந்த இடம் செத்துப்போயிருக்கும். மருந்து, ஒளி, ஒலி என்று கீழே வருவதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மண்டை திறந்துதானே இருக்கு, ரத்தம் ஓடறது கண்ணுக்கே தெரியாதா?

ஓரளவு தெரியும். பெரிய நுண்ணோக்கி வழியாகத்தான் ஆபரேஷன் நடக்கிறது. குழாயின் நிறம், துடிப்பு, புடைப்பு தளர்ந்ததா என்பதெல்லாம் பார்க்கலாம். கிளிப் போட்ட பிறகு புடைப்பை மெல்லிய ஊசியால் குத்தி, அது சுருங்குகிறதா, ரத்தம் வருகிறதா என்று சோதிப்பது பழைய, நம்பகமான பழக்கம். ஆனால் குழாய்ச் சுவருக்கு உள்ளே ஓட்டம் இருக்கிறதா என்பதைச் சுவரைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பாதி நெரிபட்ட குழாயும் வெளியே இயல்பாகவே தெரியும், துடிக்கவும் செய்யும்.

அதனால் நுண் டாப்ளர் என்ற கருவியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பேனாவைவிட மெல்லிசான அதன் முனை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். குழாயின் மேல் வைத்தால் உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகம் ஒலியாக மாறி, தியேட்டர் முழுக்க "உஷ், உஷ்" என்று கேட்கும். புடைப்பின் மேல் வைத்தால் சத்தம் வரக்கூடாது. கிளைகளின் மேல் வைத்தால் வரவேண்டும். கிளை குறுகியிருந்தால் சத்தத்தின் சுருதி மாறும். விலை குறைவு, மருந்து வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். எளிய கருவி என்று இதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

"பச்சை மருந்து போட்டுப் பார்ப்போம்"னு டாக்டர் சொன்னார். அது என்ன?

இண்டோசயனின் கிரீன் என்பது அதன் பெயர். தியேட்டரில் ஐ.சி.ஜி. என்பார்கள். கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1955-இல் உருவான சாயம் இது. புகைப்படத் துறையிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. முதலில் இதயம், கல்லீரல் சோதனைகளுக்கும், பிறகு கண் விழித்திரையின் ரத்தக்குழாய்களைப் பார்க்கவும் பயன்பட்டது. மூளை ரத்தக்குழாய் ஆபரேஷனில் இதை வைத்து நேரடியாக ரத்த ஓட்டத்தைப் படம்பிடிக்கலாம் என்பதை 2003-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ராபே என்ற அறுவை மருத்துவரின் குழு எழுதிக் காட்டியது. சில ஆண்டுகளிலேயே நுண்ணோக்கிக்குள்ளேயே இதற்கான கேமராவைப் பொருத்தி விற்க ஆரம்பித்தார்கள்.

நடப்பது இதுதான். கரும்பச்சைத் தூளைச் சுத்தமான ஊசி நீரில் கரைத்து, மயக்க டாக்டர் நரம்பில் செலுத்துவார். அளவு எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 12 முதல் 30 மில்லிகிராம். சாயம் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் குழாய்க்கு வெளியே கசியாமல் ரத்தத்தோடேயே போகும். இதயம், நுரையீரல் வழியாகச் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் மூளைக்கு வந்துவிடும்.

அந்நேரம் நுண்ணோக்கி அகச்சிவப்புக்கு நெருக்கமான, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும். சுமார் 800 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொண்டு சாயம் சுமார் 830 நானோமீட்டரில் ஒளிரும். அதை நம் கண் பார்க்காது, கேமரா பார்க்கும். திரையில் இருட்டு, அதில் முதலில் தமனிகள் வெள்ளையாக எழும்பி வரும், அடுத்து நுண்குழாய்களால் மூளையின் மேற்பரப்பே மங்கலாகப் பளபளக்கும், கடைசியாகச் சிரைகள். புடைப்பு மட்டும் கறுப்பாகவே இருந்தால் கிளிப் அதை மூடிவிட்டது. புடைப்புக்குள் வெள்ளை கசிந்து ஏறினால் மூடவில்லை. வெள்ளையாக வேண்டிய ஒரு கிளை கறுப்பாகவோ, மற்றவற்றுக்குப் பின்தங்கியோ வந்தால் சர்ஜனின் கை மறுபடி கிளிப்புக்குப் போகும். வீடியோ பதிவாவதால் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். சில நுண்ணோக்கிகள் எந்தக் குழாய்க்கு எப்போது சாயம் வந்தது என்பதை வண்ணங்களாகவே பிரித்துக் காட்டும்.

ஆபரேஷனை நிறுத்தி, கருவிகளை நகர்த்தி, வேறு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும். இந்த முறை உலகெங்கும் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த மருந்தால கெடுதல் இருக்குங்களா? எங்கம்மாவுக்கு சுகர், கிட்னி தொந்தரவு வேற இருக்கு.

ஐ.சி.ஜி. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. கல்லீரல் அதை எடுத்துப் பித்தத்தோடு அனுப்பிவிடும். ரத்தத்தில் இருக்கும் அளவு மூன்று, நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். அதனால் சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்களுக்கு இது தடையாக இருப்பதில்லை. கல்லீரல் நோய் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இந்த மருந்தில் சிறிது அயோடைடு சேர்ந்திருக்கும். முன்பு சி.டி. ஸ்கேனுக்கோ ஆஞ்சியோவுக்கோ சாயம் ஏற்றியபோது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் மயக்க டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் மயக்க டாக்டர் அருகிலேயே அதற்கான மருந்தை வைத்திருப்பார். சாயம் போனதும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியின் எண் சில நொடிகள் இறங்கிக் காட்டும். சாயம் அந்தக் கருவியின் ஒளியை விழுங்குவதால் வரும் பொய்யான எண் அது. தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

அப்ப பச்சை மருந்துல பார்த்துட்டா நூத்துக்கு நூறு நம்பலாமா?

இல்லை. ஏற்காடு பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றால் எதிரே உள்ள பாதைத் துண்டில் வரும் வண்டிதான் தெரியும். வளைவுக்குப் பின்னால் வருவது, விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், தெரியாது. இந்த ஒளியும் அப்படித்தான். நுண்ணோக்கிக்கு நேரே திறந்து கிடப்பது மட்டும்தான் படத்தில் வரும். புடைப்பின் பின்பக்கம், கிளிப்பின் அலகுக்கு அடியில் இருப்பது, உறைந்த ரத்தத்தாலோ மூளைத் திசுவாலோ மூடப்பட்ட குழாய் எதுவும் வராது. புடைப்பின் சுவர் தடித்தோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் உள்ளே ஒளிர்வது வெளியே தெரியாமல் போகலாம். புடைப்புக்குள் மிக மெதுவாகக் கசியும் ரத்தமும் ஏமாற்றக்கூடும். இதில் சரியாகத் தெரிந்து, பின்னால் எடுத்த ஆஞ்சியோவில் புடைப்பின் கழுத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அதனால் நல்ல சர்ஜன் பச்சை மருந்தை மட்டும் நம்பி மூடமாட்டார். டாப்ளரையும் தொட்டுப் பார்ப்பார், ஊசியால் குத்தியும் பார்ப்பார், நுனியில் கேமரா உள்ள எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாயைச் செருகி வளைவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்ப்பார். சில எண்டோஸ்கோப்புகளில் பச்சை மருந்தைப் பார்க்கும் கேமராவும் உண்டு. மறுபடி ஒருமுறை சாயம் போட வேண்டுமென்றால் முதல் தடவை போட்டது கரையப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொருத்தருக்கு மஞ்சள் மருந்து போட்டாங்களாமே?

ஃபுளோரசீன். அதுவும் இதே வேலைக்குத்தான். நீல ஒளி பட்டால் மஞ்சள் பச்சையாக ஒளிரும், நுண்ணோக்கிக் கண்ணாடி வழியாகச் சர்ஜனே நேரில் பார்க்கலாம். அதாவது, கருவியை இயக்கிக்கொண்டே பார்க்கலாம். ஆழத்தில் உள்ள நுண்குழாய்களுக்கு இது வசதி என்கிறவர்கள் உண்டு. குறை என்னவென்றால் ஒளிர்வு சீக்கிரம் மறையாது. கிளிப்பை மாற்றிவிட்டு உடனே மறுபடி சோதிப்பது கடினம். இது சிறுநீரகம் வழியாகப் போவதால் அடுத்த நாள் வரை சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கும், தோலிலும் கொஞ்சம் மஞ்சள் தட்டலாம். மஞ்சள்காமாலை என்று பயந்துவிடாதீர்கள்.

தியேட்டர்லயே ஆஞ்சியோ எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டோம். அதுதான் பெஸ்ட்டா?

ரத்தக்குழாய்ப் படங்களில் இன்றும் அளவுகோலாக இருப்பது, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்திச் சாயம் ஏற்றி எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோதான். 1927-இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த முறை. வளைவுக்குப் பின்னால், எலும்புக்கு அடியில், எங்கிருந்தாலும் குழாயின் உள்ளே போகும் ரத்தத்தை எக்ஸ்ரேயில் காட்டும்.

ஆபரேஷன் நடுவில் அதை எடுக்க, எக்ஸ்ரே ஊடுருவும் மேசையும் தலைப்பிடியும் வேண்டும், சி வடிவ எக்ஸ்ரே கருவி வேண்டும், கதீட்டர் செலுத்தத் தெரிந்தவர் வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும். அயோடின் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கதீட்டரால் பக்கவாதம் வரும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்களை அது பச்சை மருந்து அளவுக்குத் தெளிவாகக் காட்டுவதும் இல்லை. பெரிய, சிக்கலான, கழுத்து அகன்ற புடைப்புகளுக்கு இந்த வசதியுள்ள இடத்தைத் தேடுவது சரி. சிறிய, நேராகத் தெரியும் புடைப்புக்கு இது இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஓடுதா ஓடலையான்னு மட்டுமில்லாம, எவ்வளவு ஓடுதுன்னு சொல்ல முடியுமா?

முடியும். குழாயைச் சுற்றிக் கொக்கி போல மாட்டும் அல்ட்ராசவுண்ட் அளவி ஒன்று உண்டு; நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எண்ணாகவே சொல்லும். சிகாகோவில் ஃபாடி சார்பெல் என்ற அறுவை மருத்துவர் மூளை ஆபரேஷனுக்கு இதைக் கொண்டுவந்ததில் பெரும் பங்காற்றியவர். கிளிப் போடுவதற்கு முன் ஒரு எண், பின் ஒரு எண். கணிசமாக இறங்கியிருந்தால் கிளிப்பை மாற்ற வேண்டும்.

இன்னொரு பக்கம், ரத்தத்தைப் பார்க்காமல் மூளையையே கேட்பதும் உண்டு. தலையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, கை கால் தசையில் பதில் வருகிறதா என்று தொடர்ந்து கவனிப்பார்கள். கிளிப் போட்டதும் அந்தப் பதில் மங்கினால் எங்கோ ஒரு குழாய் சிக்கியிருக்கலாம். படத்தில் எதுவும் தெரியாத நேரத்திலும் இது காட்டிக்கொடுத்துவிடும். நுண்குழாய்கள் நிறைந்த இடத்தில் ஆபரேஷன் என்றால் இந்தக் கண்காணிப்பு இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள்.

மருந்தே ஏத்தாம, ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கற மாதிரி ஏதாவது வந்திருக்கா?

லேசர் ஸ்பெக்கிள் என்ற முறையில் ஆராய்ச்சி நடக்கிறது. லேசர் ஒளியை மூளையின் மேற்பரப்பில் படவைத்தால் புள்ளி புள்ளியாக ஒரு கோலம் தெரியும். ரத்த அணுக்கள் நகரும் இடத்தில் அந்தப் புள்ளிகள் கலங்கி மங்கும். எவ்வளவு வேகமோ அவ்வளவு மங்கல். கேமராவும் கணினியும் அந்த மங்கலைக் கணக்கிட்டு ரத்த ஓட்ட வரைபடமாக அந்தக் கணமே காட்டும். அடிப்படை யோசனையை 1981-இல் ஃபெர்ச்சர், பிரையர்ஸ் என்ற இருவர் முன்வைத்தார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டன் குழுவினர் அதை மனித மூளை ஆபரேஷனுக்குள் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள்.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. பச்சை மருந்து ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சில நிமிடக் காட்சியைத்தான் தரும். இது தற்காலிகக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தும் நேரம் முழுக்க, எடுத்ததும் ஓட்டம் திரும்புகிறதா என்பது வரை, இடைவிடாமல் காட்டும். ஆனால் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும், மூளையின் துடிப்பு அசைவு படத்தைக் குழப்பும், தருவது ஒப்பீட்டு அளவுதான். இன்றைக்கு இதை நம்பி ஒரு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எங்க ஆஸ்பத்திரியில இந்த மெஷின் எல்லாம் இல்லைன்னா, கோயமுத்தூரோ சென்னையோ தூக்கிட்டுப் போறதா?

வெடித்த புடைப்பா, வெடிக்காததா என்பதைப் பொறுத்தது. வெடிக்காமல், தற்செயலாக ஸ்கேனில் தெரிந்ததென்றால் அவகாசம் இருக்கிறது. இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்டு, வசதிகளை ஒப்பிட்டு, அவசரப்படாமல் முடிவெடுங்கள்.

வெடித்துவிட்டதென்றால் கணக்கு வேறு. முதல் நாளில் மறுபடி வெடிக்கும் ஆபத்தை வைத்துக்கொண்டு, ஒரு மெஷினுக்காக மட்டும் மணிக்கணக்கில் ஆம்புலன்ஸில் கொண்டுபோவது பெரும்பாலும் நஷ்டம். இந்த வகை ஆபரேஷனில் அனுபவமுள்ள சர்ஜன், மயக்க டாக்டர், இரவும் பகலும் கவனிக்கும் ஐ.சி.யூ. மூன்றும் சேலத்திலேயே கிடைத்தால் அங்கேயே முடிப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பச்சை மருந்து வருவதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணையும் கையையும், பின்னாளில் டாப்ளர் சத்தத்தையும் நம்பி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உங்கள் டாக்டர்களே வேறிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் தயங்காமல் கிளம்புங்கள்.

டாக்டர்கிட்ட என்ன கேக்கறதுங்க? கேட்டா கோவிச்சுக்குவாரோ?

கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. "ஐயா, கிளிப் போட்டதும் ரத்த ஓட்டத்தை எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். "பக்கத்துக் குழாய் நெரிஞ்சிருந்தா அப்பவே தெரிஞ்சுடுமுங்களா?" என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து எந்த நாளில் ஆஞ்சியோ எடுத்து உறுதி செய்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் மட்டும் போய்க் கேட்டு, சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கேட்டால் யாருக்கும் பதில் கிடைக்காது.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டையையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் முதல் நாளே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

தியேட்டர்ல எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. ஒரு வாரம் கழிச்சு அப்பாவுக்குப் பேச்சு குழறுது. கிளிப் தப்பாகிடுச்சா?

பெரும்பாலும் காரணம் வேறு. வெடித்து வெளியேறிய ரத்தம் மூளையின் தமனிகளை உறுத்துவதால், ஏறக்குறைய நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அவை சுருங்கிக்கொள்ளும். தியேட்டரில் நன்றாக ஓடிய குழாயிலேயே அப்போது ஓட்டம் குறையும். அதற்காகத்தான் நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள் வரை கொடுக்கிறார்கள். நள்ளிரவிலும் நர்ஸ் எழுப்பிக் கொடுப்பது அதனால்தான். "தூங்கறவரை ஏம்மா எழுப்பறீங்க" என்று தடுக்காதீர்கள். பேச்சுக் குழறல், கை பலவீனம், வழக்கத்தைவிட அதிகத் தூக்கம் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். கூட இருக்கும் உறவினர்தான் பல நேரம் முதலில் கண்டுபிடிப்பார்.

எப்ப மலைக்குத் திரும்பலாம்? வீட்டுக்குப் போகறப்ப என்னென்ன வாங்கிட்டுப் போகணும்?

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தால் கிளிப்புக்கு எதுவும் ஆகாது. காயம் ஆறி, வலிப்பு பயம் குறைந்து, டாக்டர் சரி என்றதும் ஏறலாம். பஸ்ஸில் வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள். பீடி, சிகரெட் இனிக் கிடையாது. பிரஷர் மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. மாத்திரை தீருவதற்கு முன்பே மலையில் உள்ள அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கிளிப்பின் பெயர், உலோகம், அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் கிளிப் பெட்டியோடு வரும். அதை அந்த ஆபரேஷன் குறிப்பில் ஒட்டச் சொல்லுங்கள். இப்போதைய டைட்டானியம், கோபால்ட் கலவைக் கிளிப்புகளோடு பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமல் எந்த ஸ்கேன் சென்டரும் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆஞ்சியோ படங்கள் உள்ள சி.டி.யையும் தாளோடு ஒரே கவரில் போட்டு, வீட்டில் பட்டா, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து, மகன், மகள் இருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.